எத்தனை விரல்

மண்டபத்தில் வலைக்கடை வைத்திருப்பவளிடம்
நரம்பு விலை கேட்பார்கள், மிதப்பு விலை கேட்பார்கள்
தெருவுக்கே கேட்கும்படி.
மடக்குக் கத்தி என்றால் மட்டும்
பெண் விசாரிக்க வந்தவர்கள் போலக்
குரல் தாழ்ந்துவிடும்:
'எந்தக் கம்பெனிக்கா நல்லது?'

தெரியாது என்பது
கல்லாவில் இருப்பவள் சொல்லக் கூடாத சொல்.
போன தடைக்காலத்தில்
விசைப்படகுகள் கட்டிக் கிடந்து
எலிகூட வராத கடையில்
ஐந்து ஜோடி கத்திகளை விரித்து வைத்தேன்.
வடக்கே போய்ப் பெண்கடலில் ஒரு வாளி
தெற்கே போய் ஆண்கடலில் ஒரு வாளி.
நடுவில் தண்டவாளம், நெடுஞ்சாலை,
'தண்ணிப் பஞ்சமா பல்கீஸு?' என்று ஒரு ஆட்டோ.

பதினோரு நாள்.

மரப்பிடி, பிரான்சாம்.
இரண்டாம் நாளே பிடி ஊதி
அலகை உள்ளே விழுங்கிக்கொண்டது.
ஜப்பான்காரன் கத்தி
தாளைக் காற்றில் விட்டால் இரண்டாக்கும்;
மூன்றாம் நாள் முகமெல்லாம் தேத்தண்ணிப் புள்ளி.
மதுரைப் பட்டறையின் பித்தளை பச்சை பூத்தது,
கோபித்துக்கொள்ளவில்லை, தேய்த்தால் சிரித்தது.
சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை,
அபுதாபியிலிருந்து மச்சான் சுமந்துவந்த சரக்கு,
கத்தரிக்கோலும் பல்குச்சியுமாய்
ஊறிக் குளித்து எழுந்தது, ஒரு கறை இல்லை.
கடைசியாகச் சீனா, அறுபது ரூபாய்.
துருப்பிடிக்காது என்று அலகில் இங்கிலீஷில்
எழுத்துப் பிழையோடு பொறித்திருந்தான்.
அந்த எழுத்திலிருந்துதான் துரு தொடங்கியது.

ஆண்கடல் வாளியில் எல்லாமே ஒரு நாள் முந்தியது.
ஏனென்று தெரியவில்லை. எழுதிவைத்தேன்.

பிறகு பன்னிரண்டு மில்லி நைலான் கயிறு.
ஜப்பான் நாலு இழுப்பு, சிவப்பு ஒன்பது,
மதுரை பதினொன்று, சீனா இருபத்தாறு.
அதற்குள் ஸ்பிரிங்கும் செத்து,
மடக்கினால் மடங்காமல்
பாதி வாய் திறந்தே கிடந்தது.

முதலிடம் சிவப்புக்கு.
இன்னாசிக்கு அதைத்தான் விற்றேன்,
இரண்டாயிரத்து நானூறு.
பேரத்துக்கு ஈடாகச் சீனாவை
இரை வெட்டிக்கொள் என்று இனாமாகத் தூக்கிப் போட்டேன்.

புரட்டாசியில் வந்தான்.
தொடையில் ஏழு தையல்.
கால்சட்டைப் பையிலிருந்து சிவப்பை எடுத்துக்
கண்ணாடி மேல் வைத்து,
'பணத்தைக் கொடுக்கா' என்றான்.

முயல்தீவுக்குத் தெற்கே,
நிலா இல்லாத நேரம்,
நண்டுவலையின் கல்லுக் கயிறு
கரண்டைக்காலைச் சுற்றி இழுத்திருக்கிறது.
இடது கை படகு விளிம்பில். விட்டால் போச்சு.
வலது கையில் சிவப்பு.
நகம் மாட்ட ஒரு பள்ளம் வைத்திருக்கிறானே,
அதில் நகமும் ஏறவில்லை, பல்லும் ஏறவில்லை,
மீன் வழவழப்பு.
பைக்குள் சும்மா கிடந்த சீனாதான்
ஏற்கெனவே அவன் தொடையைக் கடித்துக்கொண்டிருந்தது.

'எத்தனை இழுப்பு?' என்று கேட்டுவிட்டேன்.
பேனாவைத் திறந்துகொண்டு.

இன்னாசி என்னைப் பார்த்தான்.
'எண்ணலக்கா.'

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்,
பெட்டி இல்லாததற்கு நூறு பிடித்துக்கொண்டு.
சீனாவை மட்டும் அவன் திருப்பவில்லை.
நானும் கேட்கவில்லை.

நேற்று மதுரையிலிருந்து கம்பெனி ஏஜெண்ட்.
வழவழத் தாளில் படங்கள்,
எஃகுக்கு ஒரு நம்பர், கடினத்துக்கு ஒரு நம்பர்,
ஆயுள் முழுக்க உத்தரவாதம்.
யாருடைய ஆயுள் என்று கேட்கவில்லை.
'தம்பி, இடது கையால அந்தத் தூணைப் பிடிச்சுக்க.
விடாத.
இப்பத் திற.'

சிரித்தான். பிடித்தான். முயன்றான்.
வியர்த்தது.
பிறகு தூணை விட்டான்.

நோட்டில் புதுக் கோடு ஒன்று கிழித்து
அவன் கம்பெனி பெயருக்கு நேரே
எழுதினேன்: மூழ்கிவிட்டார்.