டெர்த்

காலை எட்டே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
கார்த் டைசன் நிற்கிறான்.
கோட்டுப் பையில் மகளின் மருந்துச் சீட்டு, நான்காய் மடித்து.
எஸ்மிக்கு வலிப்பு மாத்திரை.
மூன்று வாரமாய் எனக்கு வந்து சேரவில்லை.

மேரிபோர்ட்டில் மழை.
மழைக்கு மட்டும் இங்கே தட்டுப்பாடு வந்ததே இல்லை.

கம்பெனிக் கடிதம் கல்லாமேல் கிடக்கிறது.
'டியர்' என்று தொடங்கி என் கடைப் பெயர்.
ஷார்ட்டேஜ் என்று எழுதியிருக்கலாம்,
பெட்ரோல் பங்கு அட்டையில் தொங்குகிற, எல்லோரும் திட்டுகிற சொல்.
டெர்த் என்று எழுதியிருக்கிறார்கள்.

டெர்த் வரிசையில் நிற்காது.
பிரசங்கத்துக்கும் தலையங்கத்துக்கும் கோட்டு மாட்டிக்கொண்டு வரும்.
நல்ல யோசனைக்கு டெர்த் உண்டு, நேர்மையான சாட்சிக்கு உண்டு.
பாலுக்கு அப்படிச் சொல்லி
நான் கேட்டதில்லை.

"சின்ன வயதில் போலீஸ்காரர் எங்களைப் பார்த்து,
ஸ்கேர்ஸ் ஆகிவிடுங்கள் என்பார்" என்கிறான் கார்த்.
"அரிதாகிவிடு, கண்ணில் படாதே என்று அர்த்தம்.
நிலக்கரி மேட்டுக்குப் பின்னால் ஒளிவோம்.
இந்த மாத்திரையிடமும் யாரோ சொல்லிவிட்டார்கள் போல."
சிரிக்கவில்லை அவன். நான் சிரித்துத் தொலைத்தேன்.

மதியம் கூட்டம் ஓய்ந்ததும் அகராதியைப் புரட்டினேன்.
டியரின் வாலில் ஒரு மூச்சை ஒட்டினால் டெர்த்.
தானியம் அருகிய ஆண்டில் விலை எகிறும்,
விலை எகிறியதற்குப் பெயர் வைத்தார்கள்,
பெயர் மெல்ல நகர்ந்து
இல்லாமையின் மேல் உட்கார்ந்துகொண்டது.
பாட் கிளமின்சன் இன்னும் இருமல் மருந்தைத் திருப்பிப் பார்த்து
"டியர்" என்கிறாள்.
கொஞ்சுகிறாளா, கிராக்கி என்கிறாளா,
முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

ஆனால் இந்த நாட்டில்
குழந்தையின் மருந்துக்குக் காசு இல்லை.
கல்லாவில் நான் தட்டும் எண் பூஜ்யம்.
பூஜ்யம் விலையுள்ள ஒன்றைத் தேடி கார்த்
ஒயிட்ஹேவன் போனான், காக்கர்மவுத் போனான்,
இரண்டு ஷிஃப்ட் சம்பளம் போனது.

ஏழாவது தொலைபேசியில் பாரோவிலிருந்து
ஹெட்டி பாஸல்வெயிட் எடுத்தாள்.
நேரில் பார்த்ததில்லை அவளை. குரலில் சளி.
"இருபத்தெட்டு இருக்கிறது. என் தெருவிலும் ஒரு பையன்."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
அவள் எண்ணுவது கேட்டது,
அட்டை உரசும் ஓசையோடு.
"பதினாலு தருகிறேன்."

இருட்டும் வேளையில் கார்த் கொண்டுவந்தான்,
முறைப்படி நான் சீட்டில் முத்திரை வைக்கவேண்டும் என்று.
அட்டையின் வெட்டிய ஓரம் கோணல்.
காலை ஒன்று, இரவு ஒன்று.
அடுத்த வியாழன் வரை.

கம்பெனிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.
பழக்கத்தில் கை 'டியர்' என்று எழுதிவிட்டது.
அடித்துவிட்டு
மறுபடி எழுதினேன்.
காற்புள்ளி வைத்தேன்.
அதற்குமேல் வரவில்லை.