முறிந்த இடம்: நடு

விஞ்ஞான டீச்சருக்கு டெங்கு.
ஆறாம் தரம் 'சி'க்கு ஐந்தாம் பாடவேளை
என்னை அனுப்பினார்கள்,
யாப்பும் அணியும் தவிர வேறு தெரியாதவளை,
கையில் ஒரு தாளைத் திணித்து.

தாளில் ஒரு வட்டம். சுற்றிலும் அம்புகள்.
கேள், யோசி, வரை, செய், சோதி, திருத்து,
மறுபடியும் கேள்.
எங்கே நிறுத்துவதென்று எழுதவில்லை.
கீழே பென்சிலில் அவர் கையெழுத்து:
இரண்டு மேசை, இடையில் ஓர் அடிமட்ட வெளி,
பாலம் கட்டச் சொல்லுங்கள்.
நீங்கள் தொட வேண்டாம்.

எதைக் கொண்டு கட்டுவது?
அந்த வரியின் மேல் தேநீர் சிந்தியிருந்தது.

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்கள்
பெட்டிகளை எடுத்தன, வைத்தன,
ஒரு வார்த்தை பேசவில்லை.
நானும்தான்.

நுஸ்கி கதவுக்குப் பின்னால் போய்
ஈர்க்குமாற்றைத் தூக்கி வந்தான்.
"இதில நூறு இருக்கும் டீச்சர்."
சாப்பாட்டுப் பொதிகளின் ரப்பர் வளையங்கள்,
யாரோ ஒருத்தியின் தலைப்பட்டி,
பட்டம் விட்டு மிஞ்சிய நூல்
எல்லாம் மேசைக்கு வந்தன.

முதற்பாலம் பாய் போல் கிடந்தது.
ஒரு கொப்பி தாங்கியது.
இரண்டுக்கு வயிறு தொங்கியது.
மூன்றுக்குச் சடசடவென்று போனது.

என் கை சிவப்புப் பேனாவைத் தேடியது,
பதினேழு வருடப் பழக்கம்.
அவர்களோ தரையில் மண்டியிட்டு
தலையோடு தலை முட்ட
ஒரே கேள்விதான்: "எங்க? எங்க முறிஞ்சது?"

பவிஷ்னா கொப்பியில் கோடு கிழித்து எழுதினாள்:
முறிந்த இடம்: நடு.
முறிந்த வேளை: மூன்றாம் கொப்பி.
முறியாதது: ஓரம்.
தோல்வி என்ற சொல்லுக்கு
அவள் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

இரண்டாவதைக் கட்டுக்கட்டாய்க் கட்டினார்கள்.
அது முறியவில்லை,
தூக்கத்தில் புரள்பவன்போல் பக்கவாட்டில் உருண்டது.
டிலோஜன் ஒரு வேலையும் செய்யாமல்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அதட்ட வாய் திறந்தேன்.
"அந்தக் கிரேனப் பாருங்க," என்றான்,
"முழுக்க ஓட்டை. ஆனா முறியல்ல."

எல்லோரும் பார்த்தோம்.
இரும்பு குறைவு, ஆகாயம் கூட.
ஒவ்வோர் ஓட்டைக்கும் மூன்று மூலை.

மூன்றாம் பாலத்தில் ஈர்க்குகள் சாய்ந்து சாய்ந்து
ஒன்றன் தோளில் ஒன்று.
எட்டுக் கொப்பி. பதினொன்று. பதினாறு.
கொப்பி தீர்ந்துபோய்
என் அகராதியைக் கேட்டார்கள்.
அகரம் முதல் னகரம் வரை அத்தனை பாரத்தையும்
ஒரு விளக்குமாற்றின் பாதி சுமந்தது,
இருபத்து மூன்று எண்ணும் வரை.

விழுந்ததும் முதலில் குனிந்தது நான்.
"இடது முடிச்சு! நூல் வழுக்கிவிட்டது!"
பவிஷ்னா தலைநிமிராமல் எழுதிக்கொண்டாள்,
நானும் அவள் குழுவில் ஒருத்தி என்பது போல.

அன்றிரவு வெள்ளவத்தையில்
மின்விசிறி புரட்டப் பார்க்கும் கட்டுரைக் கொப்பிகள்.
நான்காம் வரியில் ஒரு வாக்கியம் வயிறு தொங்கியது.
பிழைக்குறி போடப் போன பேனா
எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடைவெளியில்
ஒரு புள்ளி மட்டும் வைத்தது:
இங்கே.
அதற்குமேல் நான் தொடவில்லை.

மறுநாள் காலை மல்காந்தி அக்கா
மெலிந்துபோன ஈர்க்குமாற்றை உயர்த்திப் பிடித்து
சிங்களத்தில் கேட்டாள், இது யார் வேலையென்று.
ஆறு 'சி' முழுதாய் எழுந்து நின்றது.
கடைசி வரிசையில் நானும்.

நுஸ்கி தன் அரைகுறைச் சிங்களத்தில்,
"கூட்டுறதுக்குக் குறைஞ்சது எத்தனை ஈர்க்கு வேணும், அக்கா?"

அவள் திட்டத்தான் வந்தாள்.
மாற்றைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்,
பிறகு வாசலில் குந்தியிருந்து
எண்ணத் தொடங்கினாள்.