கழித்தல் குறி

முதுகலை, இரண்டாம் பருவம்.
ஆய்வுக்கூடத்தில் எங்களோடு
குளிர்சாதனமும் விழித்திருந்தது.
கிளமெண்டி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தை
அப்படியே திரைக்குள் கட்டிவிட்டோம்:
தூண், கல்மேசை,
‘சைக்கிள் நிறுத்தாதீர்’ பலகை.
பூனைதான் அடங்கவில்லை.
தூணுக்குள் புகுந்து மறுபக்கம் வருகிறது.
சிலசமயம் தரையைத் துளைத்து
விழுந்துகொண்டே இருக்கிறது,
வாலை ஆட்டியபடி.

“புவியீர்ப்பைக் குறைச்சுப் பாரு” என்றான் ஃபிர்தௌஸ்.
ஹுய் ஷான் பதில் சொல்லாமல்
கோப்பி-ஓ பையின் கயிற்றை
விரலில் சுற்றினாள்.
கடைசி ரயில் போய்விட்டது.

நாலே முக்காலுக்குக் கண்டுபிடித்தோம்.
ஒரு கழித்தல் குறி. அவ்வளவுதான்.
யார் போட்டதென்று யாரும் கேட்கவில்லை.

நடந்தே வந்தேன்.
எங்கள் புளோக்கின் கீழே ஒரு பூனை
தூணைச் சுற்றிப் போனது.
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
நானும் தூணில் கைவைத்து அழுத்தினேன்.
உள்ளே விடவில்லை.