மாதச் சந்தா

விமானம் என்னைவிட நான்கு வயது இளையது.
பாதி எனக்கு, பாதி வெண்டலுக்கு.
எரிபொருள் பாதி, பழுதும் பாதி.
செயற்கைக்கோள் வானிலைக்கு மட்டும்
பாதி தர மாட்டேன் என்றான்.
"கண் எதற்கு இருக்கிறது, மெர்ல்?
கான்சாஸில் மழை
ஒரு மணி நேரம் முன்பே கையசைத்துவிட்டுத்தான் வரும்."

உண்மைதான். பகலில்.

கடைக்காரர் திரையைக் காட்டினார்:
பச்சை, மஞ்சள், சிவப்பு.
இரண்டு புயலுக்கு நடுவே சந்து தெரியுமாம்.
கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்து:
படம் சில நிமிடம் பழையது,
சில சமயம் பல நிமிடம்.
சரளைச் சாலையில் புழுதியைப் பார்த்து
வண்டி இங்கேதான் நிற்கிறது என்பதுபோல.

ஆர்டித் கணக்கு நோட்டைத் திறந்தாள்.
"போன வருடம் எத்தனை தடவை உதவியிருக்கும்?"
பறப்புக் குறிப்பேட்டை எண்ணினேன்.
நாற்பத்தொரு பயணம்.
முப்பத்து நான்கில் மேகமே இல்லை.
நான்கில் ஓரமாகச் சுற்றி வந்தேன்.
இரண்டில் நெஸ் சிட்டியில் இறங்கி
ஓடுபாதைக் கொட்டகையின் சோபாவில்
பூட்ஸைக் கழற்றாமல் தூங்கினேன்.

"ஒன்று குறைகிறது."
கூட்டலில் அவள் தவறியதில்லை.

ஆகஸ்ட் பதினாறு.
கிரேட் பெண்டிலிருந்து வரும்போது இருட்டிவிட்டது.
'சுமுகம்' என்று எழுதி வைத்திருந்தேன்.
ஒரு பக்கம் நட்சத்திரங்களே இல்லை.
அதைக் கவனிக்கவே எனக்கு இருபது நிமிடம் ஆனது.
அப்புறம் உள்ளேயிருந்து மின்னல்,
யாரோ வீட்டில் விளக்கைப் போட்டு அணைத்ததுபோல்.
அந்த வீடு நாற்பதாயிரம் அடி உயரம்.
மடியிலிருந்த பேனா
கூரையில் போய் அடித்தது.

சொல்லி முடித்தேன்.
குளிர்பெட்டி உறுமிவிட்டு நின்றது.

"பழைய படமாவது இருந்திருந்தால்?"
"பாதி வழியில் திரும்பியிருப்பேன்.
அவ்வளவு பெரியது அதிலும் தெரிந்திருக்கும்."
"சந்து தேடிப் போயிருக்க மாட்டாயா?"

வெண்டல் என்றால் உடனே இல்லை என்பான்.
நான் யோசித்தேன்.
யோசிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்தாவை எழுதினாள்,
விமானக் கணக்கில் அல்ல,
பாலுக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்.
"இதில் வெண்டலிடம் பாதி கேட்காதே."

பிறகு என் குறிப்பேட்டை இழுத்து
ஆகஸ்ட் பதினாறைத் தேடி
'சுமுகம்' என்பதை அடித்தாள்.
அடித்த இடத்தில்
வேறொன்றும் எழுதவில்லை.