இரண்டரைப் பேருக்கான பணம்

பகாவில், தவனேசனின் டயர் கடைக்கு மேல்மாடியில்
ஆண்டுக்கொரு முறை கூடுகிறோம், ஐந்து பேர்.
பால்மரம் போய்ச் செம்பனை வந்து எத்தனையோ ஆண்டாகியும்
படியேறும்போது ரப்பர் வாசனைதான் எங்களை
உள்ளே கூட்டிப் போகிறது.

மேசையில் ஒன்பது கோப்புகள்.
கல்வியியலில் முதுகலை படிக்க இடம் கிடைத்தவர்கள்.
கையிருப்பு பதினைந்தாயிரம் வெள்ளி.
ஆளுக்கு ஆறாயிரம் என்பது விதி.
வகுத்தால் இரண்டரைப் பேர் வருகிறார்கள்.
"அரை ஆளை எந்த வகுப்பில் உட்கார வைப்பது?"
பர்னபாஸ் சார் போன ஆண்டும் கேட்டார்.
போன ஆண்டும் சிரித்தோம்.

முதல் கோப்பு, தர்வின்.
அப்பா ரொம்பின் சாலைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார்.
குடும்ப வருமானம் என்ற கட்டத்தில்
"மழையைப் பொறுத்தது" என்று எழுதியிருந்தான்.
யாரும் எதுவும் பேசவில்லை. ஆறாயிரம்.

புனிதமலர், ஒன்பது ஆண்டாகத் தற்காலிக ஆசிரியை.
ஆண்டிறுதி விடுமுறையில் சம்பளம் கிடையாது,
அந்த மாதங்களில் முறுக்கு சுற்றி விற்கிறாளாம்.
சிபாரிசுக் கடிதத்தை விட
அந்த ஒரு வரி கனமாக இருந்தது. ஆறாயிரம்.

மிச்சம் மூவாயிரம்.
மூன்றாவதாக லிங்கசுதா.
ஆய்வுத் தலைப்பைச் சத்தியவாணி உரக்கப் படித்தாள்:
தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளைகள்
எந்த மாதத்தில் கை உயர்த்துவதை நிறுத்துகிறார்கள்?

அவளுக்குப் பீடத்தில் ஆய்வு உதவியாளர் வேலையும் கிடைத்திருந்தது.
மாதம் ஆயிரத்து நானூறு.
மறைக்கவில்லை, கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.
அங்கேதான் வந்தது ஏழாம் விதி:
வேறு உதவி பெறுவோர் தகுதியற்றவர்.
அது நான் எழுதியது,
லாரிக் கணக்குப் பார்க்கும் அதே சிவப்புப் பேனாவால்,
ஒரே வீட்டுப் பிள்ளை இரண்டு பக்கமும் வாங்கிய ஆண்டில்.

"உதவியாளர் என்றால் எடுபிடியா?" என்றார் தவனேசன்.
"பேராசிரியருக்குப் பேட்டிகளைக் கேட்டுக் கேட்டு எழுதணும்,
முந்நூறு வினாப்படிவம் எண்ணணும்,
மிச்ச நேரத்தில் தன் படிப்பைப் படிக்கணும்" என்றாள் சத்தியவாணி.
விண்ணப்பத்தின் பின்பக்கம் திருப்பினோம்.
"முதல் மூன்று மாதச் சம்பளம்
நான்காம் மாதம் மொத்தமாக வரும் என்றார்கள்.
வாடகைக்கு அப்படி ஒரு பழக்கம் இல்லை."

மூவாயிரத்தைக் கைமாற்றாகவாவது கொடுக்கலாம் என்றார் ஒருவர்.
ஒரு தடவை வளைத்த கம்பி
மறுபடி நேராகுமா என்றார் மற்றவர்.
கீழே ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.
கை தூக்கச் சொன்னார்கள்.

ஆம் என்று இரண்டு.
இல்லை என்று இரண்டு.
என் கை ஆறிப்போன மீலோ தம்ளரைச் சுற்றியிருந்தது.
எந்த மாதத்தில் என்று கேட்கிறாள் அந்தப் பெண்.
எனக்கு நிமிடமே தெரியும்:
ஒன்பது ஐம்பது.

பெரும்பான்மை இல்லையென்றால் விதி நிற்கும்.
மூவாயிரம் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஏறியது.
"வருந்துகிறோம்" என்ற கடிதத்தை
நானே தட்டெழுதி, நானே தபாலில் போட்டேன்.

பத்து நாள் கழித்து,
பேருந்து நிலையத்துக்கு எதிரே கைப்பேசிக் கடையில்
கோப்பில் பார்த்த முகம் கல்லாவுக்குப் பின்னால் நின்றது.
பக்கத்தில் ஒரு காதுக்கருவி, பாதி எழுதிய நோட்டு.
யாரோ ஒரு பிள்ளையின் குரல்
சின்னதாகக் கசிந்துகொண்டிருந்தது.
முப்பது வெள்ளிக்கு ரீலோட் கேட்டேன்.
எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.
"பணம் ஏறக் கொஞ்சம் லேட்டாகும் அங்கிள்,
பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.
அங்கேயே நின்றேன்.
இரண்டே நிமிடத்தில் ஏறிவிட்டது.