முத்திரை ஒட்டாத பை

ஒல்ட்டனில் செவ்வாய்க்கிழமை குப்பை எடுப்பார்கள்.
காலை ஏழுக்கு முன் பை வாசலில் இருக்கவேண்டும்.
பையின் கழுத்தில் முத்திரை,
முத்திரைக்குக் காசு.
எறிவதற்கும் விலை வைத்திருக்கிறார்களே என்று
வந்த முதல் மாதம் சிரித்தோம்.

முத்திரை இல்லாத பையை லொறிக்காரன் தொடமாட்டான்.
அது பகல் முழுக்கக் குந்தியிருக்கும்,
பள்ளிப் பிள்ளைகள் பார்க்க,
மழை பார்க்க.
பிறகு கையுறை போட்ட ஒருவர் வந்து
பையைக் கிழித்து
உள்ளே ஒரு பெயரைத் தேடுவார்.

என் பெயர் அப்படித்தான் அகப்பட்டது.

நிலவறையில், குளிர்கால ரயர்களுக்குப் பின்னால்
இருபத்திரண்டு வருடம்
ஒரு சீட்டுக் கொப்பி இருந்தது. நீல மட்டை.
பதினாலு பேர், மாதம் முந்நூறு பிராங்.
ஒன்பதாம் பக்கத்தில் எமிலியானுஸ்.
"கழிவு கூடிப்போச்சு மச்சான்" என்று சொல்லி
ஆயிரத்து இருநூறை
வேறு பேனாவால் குறைத்தேன்.
ஏஜென்சிக்குக் காசு காணாமல்
அவன் மனைவி கொழும்பு லொட்ஜில்
இன்னும் எட்டு மாதம் இருந்தாள்.
நான் லெதர் சோபா வாங்கினேன்.
பூசை முடிந்து வந்தால்
அவன் அதில்தான் உட்காருவான்.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாமல் இல்லை.
ஜெர்மனில் சொன்னேன்.
ஷுல்ட் என்றேன்.
கடனுக்கும் குற்றத்துக்கும் அங்கே ஒரே சொல்.
சுவாமியார் குற்றம் என்று விளங்கிக்கொண்டார்,
கடனை நான் நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.
மூன்று செபம் சொல்லி எழும்பியபோது
முழங்கால் மட்டும் இலேசாகியிருந்தது.

போன தை மாதம், இரவு பதினொன்றுக்கு,
கொப்பியை ஒரு பையில் போட்டு
அடுத்த தெருக் குவியலில் வைத்துவிட்டு
திருடனைப்போல வந்தேன்.
போல என்ன.

இரண்டு கிழமையில் நகரசபைக் கடிதம்.
தண்டப்பணம்.
ஆதாரமாக
என் கையெழுத்துள்ள ஒரு பக்கத்தின் பிரதி.
ஒன்பதாம் பக்கம்.

சிரிப்பு வந்தது முதலில்.
பிறகு சோபாவில் இருக்க முடியாமல்
தரையில் இருந்தேன்.
எனக்கான விலை எப்போதோ கட்டியாகிவிட்டது என்று
ஞாயிறுதோறும் பாடுகிறவன் நான்.
கட்டியது உண்மைதான்.
பையைப் பகலில், வாசலால்
தூக்கிவரத்தான் என்னால் முடியவில்லை.

ட்ரிம்பாக்கில் அவன் வீடு. பஸ்ஸில் பத்து நிமிடம்.
உறையில் ஆயிரத்து இருநூறு,
வட்டியாக முந்நூறு.
"தெரியும்" என்றான்.
"எப்ப?"
"அந்தக் கிழமையே."
"பிறகேன்ரா என்ர சோபாவில வந்து இருந்தனீ?"
யோசித்தான்.
"நற்கருணை எடுக்கப் போகேக்க மன்னிப்பன்.
திங்கட்கிழமை திரும்ப வந்திடும்.
திரும்பவும் மன்னிப்பன்.
பிறகொரு திங்கள் வரேல்ல.
எந்த வருசமெண்டு ஞாபகமில்லை."

எண்ணினான். இரண்டு தரம்.
மன்னிப்பு வேறு, கணக்கு வேறு.
முந்நூறைத் திருப்பி என் பக்கம் தள்ளினான்.

எண்ணி முடியும்வரை
பிலோமினா கதவடியில் நின்றாள்.
அந்த எட்டு மாதம் அவளுடையது.
ஒன்றும் சொல்லவில்லை.
தேநீர் வைத்தாள், மூன்று கரண்டிச் சீனியோடு.
எனக்குச் சலரோகம் என்று அவளுக்குத் தெரியும்.
கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

செவ்வாய் விடிய முதல் எழும்பினேன்.
பிரதியை நாலாகக் கிழித்து,
கோப்பித் தூளோடும் உருளைக்கிழங்குத் தோலோடும் கட்டி,
முத்திரையை இரண்டு தரம் அழுத்தி ஒட்டினேன்.
லொறி வந்தது. ஒரு பொடியன் இறங்கினான்,
காதில் ஏதோ பாட்டு,
என் பையை மற்றப் பைகளோடு சேர்த்துத்
தூக்கிப் போட்டான்.
திரும்பியும் பார்க்கவில்லை.

உள்ளங்கையில்
பைக்கயிறு இறுக்கிய சிவப்புக் கோடு.
அதைப் பார்த்தபடி
பனியில் கொஞ்சநேரம் நின்றேன்,
வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.