கோல்ஸ்

நானூற்றுப் பன்னிரண்டு பிழைகள் என்றது திரை.
உண்மையில் ஒன்றுதான்.
எழுபத்தோராம் வரியில் யாரோ
அடைப்புக்குறியை மூட மறந்திருந்தார்.
மிச்ச நானூற்றுப் பதினொன்றும்
என் பார்சர் பயத்தில் உளறியது.

மருந்து பழையது:
புரியாத இடம் வந்தால் ஒருமுறை சொல்,
பிறகு அடுத்த அரைப்புள்ளி வரை
எதையும் கேட்டுக்கொள்ளாமல் போ.
புத்தகத்தில் இதன் பெயர் பேனிக் மோட்.
இத்தனை நிதானத்தை நான்
கடலூர் பஸ்ஸில்தான் பார்த்திருக்கிறேன்.
மஞ்சக்குப்பத்தில் ஏறியதும் வாய் பிளந்து தூங்கி
முள்ளோடையில் தானாக விழித்து
பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு
மறுபடி தூங்குகிற ஆள்.

லாஸ்பேட்டையில், மூன்றாம் மாடியில் என் மேசை.
நிரல்கள் வருவது சிப்காட்டிலிருந்து.
வால்வைத் திற, வால்வை மூடு, அவ்வளவுதான் பாஷை.
மூடுவதற்கு 'குளோஸ்' இருக்கவேண்டிய இடத்தில்
பழைய கம்பைலரின் சொற்பட்டியலில் 'கோல்ஸ்'.
பக்கத்தில் ஒரு குறிப்பு: ஆர்.வி., 1999.
ஒருவர் விரல் சறுக்கியதை
இருபத்திரண்டு வருடமாக அத்தனை பேரும்
பிசகாமல் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.
சரியாக எழுதினால்
வால்வு மூடாது.

எச்சரிக்கையாவது காட்டு என்றான் இன்பரசன்.
காட்டினேன்.
இரவு இரண்டு மணிக்கு ஷிஃப்ட் ஆளின் போன்:
"மஞ்சளா ஏதோ எரியுதும்மா,
ஓடவா, நிக்கவா?"

மறுநாள் வங்கியில்
"கௌமௌடினி யாரு?" என்றார்கள்.
நான்தான்.
பிறப்புச் சான்றிதழில் பிரெஞ்சுக் கூட்டல்,
கே-க்குப் பதில் சி, நடுவில் இரண்டு ஓ, இரண்டு யூ.
ஆதாரில் வேறொருத்தி.
முதல் கட்டத்திலேயே நிறுத்தி
விண்ணப்பத்தை அப்படியே தள்ளினார்.
கீழே கையெழுத்து இருந்தது, போட்டோ இருந்தது,
அரைப்புள்ளி வரைகூட அவர் வரவில்லை.

திரும்பி வந்து எச்சரிக்கையை அழித்தேன்.
இலக்கணத்தில் ஒரு விதி சேர்த்தேன்:
குளோஸ் என்றாலும் கோல்ஸ் என்றாலும்
மூடு.
ஆர்.வி.க்குக் கீழே எழுதினேன்:
'பிழைதான். தெரிந்தே விட்டது. தொடாதீர்கள்.'
அதற்கும் கீழே என் பெயர்,
சி-யில் தொடங்கி,
இரண்டு ஓ, இரண்டு யூ.

இன்று இரண்டு மணி தாண்டிவிட்டது.
போன் அடிக்கவில்லை.
உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வால்வு
தப்பான சொல் கேட்டு
சரியாக மூடிக்கொண்டிருக்கும்.